ஐம்பதுக்கு இருபத்தாறு

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தோம். அமெரிக்காவில் வீட்டில் காய்ச்சிய பீருக்குக்கூடப் போட்டி வைத்து மதிப்பெண் போடுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். உடனிருந்த கவிஞர் நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். "சுவைக்கு மார்க்கா? எதையும் அளந்து பார்த்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். ரசனை அவரவர் மனம் சார்ந்தது ஐயா" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறேன். மதுவுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் கொள்ள வேண்டாம்.

2018ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நானும் மனைவியும் கொலராடோவில் இருக்கும் மைத்துனன் வீட்டுக்குப் போயிருந்தோம். கார் நிறுத்தும் கொட்டடியின் ஒரு மூலையில் பெரிய எஃகுப் பானை, கண்ணாடி ஜாடிகள், ரப்பர் குழாய்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியைப் பொடித்து வெந்நீரில் ஊறவைக்கிறான். வடித்தெடுத்த இனிப்பு நீரை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிடுகிறான். ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து மூடி வைக்கிறான். ஒரு தடவைக்கு ஐந்து காலன், ஏறக்குறைய 19 லிட்டர்.

பார்த்துக்கொண்டே நின்ற எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பில் இதே காரியம் நடக்கிறது. அரிசிக் களியைத் துழாவி, அகன்ற வாயுள்ள பிழாவில் ஆறவிட்டு, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் விளையவைக்கிறார்கள். அதே நூலில் வீட்டில் சமைத்த கள்ளுக்குத் தோப்பி என்று பெயரே இருக்கிறது. பல ஆண்டுகள் இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். முளையை ஏன் கலக்கிறார்கள் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. தானியத்தின் மாவைச் சர்க்கரையாக்கும் பொருள் முளையில்தான் இருக்கிறது என்பதை, பதவுரை பொழிப்புரை எல்லாம் கடந்து, ஒரு கார் கொட்டடியில்தான் கற்றுக்கொண்டேன். தோப்பியைப் பாடிய மண்ணில் இன்று யாரும் அதை வீட்டில் காய்ச்ச முடியாது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அமெரிக்காவிலும் வீட்டு பீர் நெடுங்காலம் குற்றமாகத்தான் இருந்தது. 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின்பே அனுமதி கிடைத்தது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தடித்தன. சட்டம் கையெழுத்தான அதே 1978இல் கொலராடோவின் போல்டர் நகரில் வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டே தேசியப் போட்டியையும் நடத்தியது. அனுமதி கிடைத்ததும் அவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஒருவர் பீரை இன்னொருவர் மதிப்பிட ஏற்பாடு செய்துகொண்டதுதான். இதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

நாங்கள் போய் இறங்கிய அன்று மைத்துனன் ஏலக்காய் சேர்த்த ஒரு செம்பழுப்பு பீரைக் கொடுத்தான். எப்போதோ ஒரு வாய் குடிப்பவன்தான் நான். ஆனாலும் "அமிர்தம்" என்று சொல்லிவைத்தேன். அக்கம்பக்கத்து நண்பர்களும் அப்படியே சொன்னார்கள். இலவசமாக ஊற்றிக் கொடுப்பவனிடம் வேறென்ன சொல்வார்கள்? அந்தத் தைரியத்தில் பக்கத்து நகரப் போட்டி ஒன்றுக்கு அதை அனுப்பினான். புட்டியில் பெயர்ச்சீட்டு இருக்கக் கூடாது. மூடியில் ஏதேனும் அச்சிட்டிருந்தால் மையால் அழித்துவிட வேண்டும். ஓர் எண் எழுதிய தாளை மட்டும் ரப்பர் வளையத்தால் கட்டி அனுப்ப வேண்டும்.

மூன்று வாரம் கழித்து வந்தது பதக்கமல்ல, இரண்டு தாள்கள். ஐம்பதுக்கு 26.

அந்தத் தாள்களை நான் இருமுறை படித்தேன். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10 எனப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து வரி. மேலே நடுவரின் பெயர், அவருடைய தரம், மின்னஞ்சல் முகவரி. அதாவது, வேண்டுமானால் என்னிடம் சண்டைக்கு வா என்கிறார்! ஆம்பர் ஏல் என்ற வகையில் அனுப்பியிருக்கிறீர்கள், ஏலக்காய் மேலெழுந்து நிற்பதால் நறுமணப் பொருள் சேர்த்த வகையில் அனுப்பியிருக்க வேண்டும் என்று இருவருமே எழுதியிருந்தார்கள். இரண்டாமவர் இன்னொன்றும் எழுதியிருந்தார். பச்சை ஆப்பிளின் மணம் இருக்கிறது, நொதித்தல் முழுமையடையுமுன் அவசரமாகப் புட்டியில் அடைத்திருக்கலாம், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ஈஸ்ட்டே அதைச் சரிசெய்திருக்கும் என்று.

மைத்துனன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அத்தான், நீங்க வர்ற அன்னிக்குக் குடுக்கணும்னுதான் ஒரு வாரம் முன்னாடியே அடைச்சேன்" என்றான். எங்கள் முகத்தையே பார்த்திராத ஒருவர், அவன் பெயரும் அறியாமல், அந்த அவசரத்தை நாக்கால் கண்டுபிடித்துவிட்டார். எதிரில் உட்கார்ந்து அமிர்தம் என்றவன் நான்.

இனி நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். சுவை மனம் சார்ந்தது என்பது உண்மையானால், தனித்தனியே குடித்து எழுதிய இருவர் எப்படி ஒரே குறையைக் காண்கிறார்கள்? அவர்கள் பயின்றவர்கள் என்பதுதான் விடை. 1985இல் தொடங்கிய நடுவர் சான்றளிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன் சுவைத்தேர்வில் 90 நிமிடத்தில் ஆறு பீர்களுக்கு முழுத் தாள் எழுத வேண்டும். வெண்ணெய் மணம் எதனால், வேகவைத்த சோள மணம் எதனால், நனைந்த அட்டையின் வாடை எதனால் என்று காரணத்தோடு அறிந்திருக்க வேண்டும். போட்டியில் இருவர் தரும் மதிப்பெண் வெகுவாக விலகினால், பேசி நெருங்கி வர வேண்டும். நம்மிடையே ரசனை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பயிலாத நாக்கின் பிடிவாதம் என்பதே என் எண்ணம்.

வகை பிரிப்பது படைப்பைக் கொல்லும் என்று அடுத்து சொல்வார்கள். இந்த பீர் வகைமைக்கு அடித்தளம் இட்டது மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் (பாடகர் அல்லர்) 1977இல் வெளியிட்ட நூல். காய்ச்சுபவரல்ல, எழுத்துக்காரர்! ஊர் ஊராகச் சென்று குடித்தும் கேட்டும் எழுதிய பெயர்கள் பின்னால் இலக்கணமாயின. 2015இல் வெளிவந்த நடுவர் கையேட்டை 2021இல் மறுபடி திருத்தினார்கள். இலக்கியம் கண்டு இலக்கணம் இயம்பியவர்களின் வழிவந்த நாம் இதைக் கண்டு சிரிக்கலாமா? திணையும் துறையும் வகுத்ததால் அகப்பாடல் செத்துப்போயிற்றா? வகை தெரிந்தால்தானே மீறல் தெரியும்? ஏலக்காய் பீரை அவர்கள் விலக்கவில்லை. உன் துறை எது என்று சொல்லிவிட்டு வா என்றார்கள். மறு ஆண்டு சொல்லிவிட்டுப் போனான். 37 கிடைத்தது. பதக்கம் அப்போதும் இல்லை.

குறைகள் உண்டு. வரிசையாகப் பல புட்டிகள் வந்தால் நாக்கு மழுங்கும். சாராயச் சத்து மிகுந்த கனத்த பீருக்கு அடுத்து வரும் மெல்லிய பீர் தண்ணீர்போலத் தோன்றும். நம் சிறுகதைப் போட்டிகளில் சாவும் கதறலும் உள்ள கதை முந்துவது போலத்தான் இதுவும்.

சிறுகதைப் போட்டி என்று சொல்லிவிட்டதால் என் கணக்கையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டிக்கு நான் நடுவர். 41 கதைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மூன்று பெயர்களை எழுதி அனுப்பினேன். பரிசு பெறாத ஒரு பெண் பிறகு என்னைத் தேடி வந்து, "என் கதையில என்ன குறைன்னு சொல்லுங்க சார், திருத்திக்கிறேன்" என்றாள். "நல்லாத்தாம்மா இருந்தது, அடுத்த முறை பார்க்கலாம்" என்றேன். அவள் கதையை நான் இரண்டாம் பக்கத்துக்கு மேல் படித்திருக்கவில்லை. சுவைக்கு மதிப்பெண்ணா என்று சிரிக்கும் நாம், மதிப்பெண்ணும் போடாமல் காரணமும் சொல்லாமல் தீர்ப்பு மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம். பரிசு அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். பெயர், தொகை, விழா நாள், தலைமை தாங்குபவர். தோற்றவனுக்கு ஒரு வரி உண்டா? அந்தக் கொலராடோக்காரர்கள் ஊதியமில்லாமல், ஒரு சனிக்கிழமையைச் செலவழித்து, 26 வாங்கிய பீருக்கும் ஒரு பக்கம் எழுதுகிறார்கள்.

இந்த ஆண்டும் ஒரு போட்டிக்கு நடுவராக இருக்கும்படி அழைப்பு வந்திருக்கிறது. ஒவ்வொரு கதைக்கும் அரைப்பக்கம் எழுதித் தருகிறேன், என் பெயரோடு அதை எழுதியவருக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டேன். "அவ்வளவு சிரமம் எதற்கு ஐயா, மூன்று பெயர் மட்டும் போதும்" என்று பதில் வந்தது. ஒப்புக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கதைகள் மட்டும் வந்து சேர்ந்துவிட்டன. இம்முறை 58.