ஆஸ்பத்திரி கற்பியாத பாடம்

வைத்தியக் கல்லூரியிலே தேறிய இளைஞர், பெரிய ஆஸ்பத்திரியில் முற்றிய நோய்களையே பெரிதும் கண்டு பழகுகின்றனர். அங்கே நோய் தன் உருவத்தை வெளிக்காட்டி நிற்கும். குடும்ப வைத்தியரின் வாயிலிலோ நிலைமை வேறு. காய்ச்சல், தலையிடி என்று பலர் வருவர். பெரும்பாலார்க்கு ஓய்வே போதிய மருந்து. அவர்களுள் ஒரு குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் தொடங்கியிருக்கலாம். முதல் நாளிலே அதனைப் பிரித்தறிவது எங்ஙனம்? எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுதல் வைத்தியமாகாது. "குழந்தை மயங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, கண்ணாடிக் குவளையை அழுத்தியும் மறையாத சிவந்த புள்ளிகள் தோன்றினாலோ இரவென்று பாராது உடனே வாருங்கள்" என்று தாய்க்கு விளங்கச் சொல்லுதல் வேண்டும். இத்திறமை எழுத்துப் பரீட்சையால் அளக்கப்படுவதன்று. பரீட்சைத் தாள்களோடு காலங் கழிக்கும் நாமே இதனைச் சொல்லுகின்றோம்!

இங்கிலாந்திலே குடும்ப வைத்தியராகப் புகுவோர்க்கு மூன்றாண்டுத் தனிப் பயிற்சி கட்டாயமானது 1982 ஆம் ஆண்டிலேதான். ஆனால் அத்தொழிலின் அருமையை உணர்ந்தோர் அதற்கு முன்னரே இருந்தனர். யோர்க்சயரின் வென்சிலிடேல் பள்ளத்தாக்கிலே வைத்தியஞ் செய்த வில்லியம் பிக்கிள்ஸ் என்பார், எவர் எவரை எந்நாளிற் சந்தித்தார், எந்நாளிற் பிணியுற்றார் என்று குறித்து வைத்தார். 1929 இல் அங்கே செங்கண்மாரி பரவியபோது, தொற்றிய நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும் என்பதை அக்குறிப்புகளாற் கண்டறிந்தார். ஊரார் அனைவரையும் அறிந்த ஒருவர்க்கன்றி இது கைகூடுமோ? 1939 இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மதிக்கப்படுகின்றது.

1950 ஆம் ஆண்டளவில் இலண்டனிலே மைக்கேல் பாலின்ற் என்னும் உளவைத்திய அறிஞர், குடும்ப வைத்தியர் சிலரைக் கூட்டி, அவர்தம் மனத்தை வருத்திய நோயாளரைப் பற்றி உரையாடச் செய்தார். வைத்தியர் தாமும் ஒரு மருந்தே. அம்மருந்தின் அளவும் தீங்கும் எந்நூலிலும் எழுதப்படவில்லை என்பது அவர் கருத்து.

நோயாளர் முதலிற் கூறுவது இருமலாயிருக்கும். எழுந்து கதவருகே சென்ற பின்னரே, "மார்பிலே ஒரு கட்டி..." என்று தயங்குவர். அவரை மீண்டும் அமரச் செய்யப் பழகுதல் எளிதன்று; வெளியிலே பலர் காத்திருப்பர். ஆதலின் இப்பொழுது, நோயாளரின் இசைவு பெற்று உரையாடலைப் படம்பிடித்து, மூத்த வைத்தியரும் பயில்பவரும் ஒருங்கிருந்து பார்க்கும் வழக்கம் அங்கே உண்டு. நோயாளர் வாய்திறந்த வேளையில் தாம் எவ்விடத்திற் குறுக்கிட்டார் என்பதைப் பயில்பவர் தம் கண்ணாலேயே கண்டுகொள்ளுகின்றார்.