ஓட்டலில் இரண்டு நாள்: தண்டச் செலவா?

விருதுநகர் ஜில்லா ஆலங்குளத்திலிருந்து நமது தோழர் ஒருவர் நீண்ட கடிதம் ஒன்று எழுதி, அதன் மேல் நமது அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கின்றார். அவ்வூரில் 1970 ஆம் வருஷத்தில் தொடங்கப்பட்ட அரசாங்க சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவரது துணைவியார் பட்டாசு ஆலையில் சரம் பின்னியே இருபது வருஷத்துக்கு மேல் கழித்தவர். வருகிற மாதம் அவர்களுக்கு மணமாகி முப்பது வருஷம் நிறைகின்றதாம். இந்த முப்பது வருஷத்தில் அந்த அம்மாள், தான் சமைக்காத சோற்றைக் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் தவிர வேறெங்கும் உட்கார்ந்து உண்டதில்லையாம். ஆதலால் மதுரையிலுள்ள பெரிய ஓட்டல் ஒன்றில் இரண்டு இரவு தங்கி வரலாமென்று தோழர் நினைக்கிறார். அறைக்கு நாளொன்றுக்கு 9,000 ரூபாய், சாப்பாட்டுக்கு ஒரு 6,000 ரூபாய், ஆக மொத்தம் 24,000 ரூபாய் என்று கணக்கும் போட்டிருக்கிறார். சீட்டுப் பணம் கையில் இருக்கின்றதாம்.

இதைக் கேட்ட அண்ணன் "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்றாராம். மகன் "ஊர் என்ன சொல்லும்?" என்றாராம். பக்கத்து வீட்டுக்காரர் "ஏழைகள் பட்டினி கிடக்க, சுயமரியாதைக்காரன் பஞ்சு மெத்தை தேடுகிறானே!" என்று கேலி செய்தாராம். "இது தண்டச் செலவுதானா? நம் கொள்கைக்கு இது அடுக்குமா?" என்பது தோழரின் கேள்வி.

முதலில் ஒன்று சொல்லி விடுகின்றோம். வயிற்றைக் கட்டிக்கொண்டு, உடம்பை வாட்டிக்கொண்டு, சுகத்தைப் பாவமென்று எண்ணிக்கொண்டு கிடப்பது பகுத்தறிவு அல்ல. அது சந்நியாசிகள் நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம். அதைக் கற்றுக் கொடுத்தவர்களோ ஒருநாளும் பட்டினி கிடந்தவர்களல்ல. உழைத்தவனுக்குச் சுகம் உரிமை. ஆகவே "ஓட்டலுக்குப் போவது தகுமா?" என்பதல்ல கேள்வி. "கொடுக்கும் காசுக்கு என்ன வாங்குகின்றோம்?" என்பதுதான் கேள்வி.

அந்த அண்ணன் எதைச் செய்துவிட்டு இதைக் குற்றம் சொல்லுகின்றார் என்று பாருங்கள். சென்ற வருஷம் அவர் பேரனுக்கு இருக்கன்குடியில் காதுகுத்து நடத்தினாராம். வேன் எத்தனை, கிடாய் எத்தனை, பந்தல், ஒலிபெருக்கி, ஆளுயர விளம்பரத் தட்டி எல்லாமாகச் சேர்ந்து மூன்று லட்ச ரூபாய்க்கு மேல் ஆயிற்றாம். வந்த மொய்யில் பாதிக்கு மேல் இனித் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். மீதி வட்டிக் கடன். காது குத்தப்பட்ட குழந்தைக்கு அதனால் கிடைத்தது வலி. வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்தது முதுகொடியும் வேலை. அது தண்டமில்லையாம்! ஒருவன் தன் மனைவியை இரண்டு நாள் அடுப்படியிலிருந்து விடுவித்தால் மட்டும் அது தண்டமாம்! ஊர் பார்க்கச் செய்தால் கௌரவம், தான் அனுபவிக்கச் செய்தால் விரயம் என்னும் இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களோ நமக்குத் தெரியாது.

நிற்க, அண்ணன் முட்டாள்தனமாகச் செலவு செய்தார் என்பதனாலேயே தம்பியின் செலவு புத்திசாலித்தனமாகி விடாது. அதையும் உரைத்துப் பார்க்க வேண்டியதுதான்.

தோழரின் கணக்கே முதலில் தப்பு. வரியை அவர் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பர் 22 ஆம் தேதி முதல் நடப்பிலுள்ள ஏற்பாட்டின்படி, நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவிகிதம்; அதற்கு மேற்பட்டால் 18 சதவிகிதம். எனவே 18,000 ரூபாய் அறை வாடகைக்கு வரி மட்டும் 3,240 ரூபாய். இப்படிப்பட்ட பெரிய ஓட்டல்களுக்குள் சாப்பிடும் சாப்பாட்டுக்கும் வரி 18 சதவிகிதமாகையால், 6,000 ரூபாய்க்கு 1,080 ரூபாய். ஆக 24,000 என்று அவர் நினைத்தது 28,320 ஆகிறது. வண்டிச் சத்தம் தனி. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26 ஆம் வருஷத்துக்கு நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கூலியில் இது 84 நாள் உழைப்பு. எண்பத்து நான்கு நாள் வெயிலைக் கொடுத்து இரண்டு இரவு குளிர்ச்சியை வாங்குகின்றோம் என்பதை மறவாமல்தான் மேலே யோசிக்க வேண்டும்.

இந்தப் பணத்துக்கு ஓட்டல்காரன் இரண்டு சரக்கு விற்கின்றான். ஒன்று சௌகரியம், மற்றொன்று பெருமை. நல்ல படுக்கை, நிற்காமல் வரும் வெந்நீர், சத்தமில்லாத அறை, கேட்டதும் வரும் காப்பி, பாத்திரம் துலக்க வேண்டாத இரண்டு பகல், இவை சௌகரியம். இவை மெய்யான சரக்கு, உடம்பு அறியும். வாசலில் தலைப்பாகைக்காரன் சலாம் போடுவதும், பளிங்குத் தரையில் நின்று படம் பிடித்து ஊருக்கு அனுப்புவதும், "நாங்களும் அங்கே தங்கினோம்" என்று சொல்லிக் கொள்ளுவதும் பெருமை. இது பொய்ச் சரக்கு. ஊருக்குத் திரும்பிப் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கரைந்து போகும். ஆனால் ரசீதில் இரண்டையும் ஒரே தொகையாகப் போட்டிருப்பான். பிரித்துப் பார்க்க வேண்டியவன் வாங்குகிறவனே.

"பெருமைக்கும் ஒரு நியாயமில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. காசு கையில் இருந்தும் கதவு திறக்காத காலம் இந்த நாட்டில் நெடுநாள் இருந்தது. 1917 ஆம் வருஷத்தில், மேல்நாட்டில் பெரும் படிப்புப் படித்துத் திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகத்துக்குப் போன டாக்டர் அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். சில நாளில் விஷயம் தெரிந்து தடியோடு வந்து மிரட்டி வெளியேற்றினார்கள். நம் பக்கத்திலோ ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு இடத்தில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்றிருந்தது. டிக்கெட் விலை ஒன்று, இட்டிலி விலை ஒன்று, உட்காரும் இடம் மட்டும் இரண்டு! கிளர்ச்சிக்குப் பின் 1941 ஆம் வருஷத்தில்தான் அது ஒழிந்தது. ஓட்டலிலும் உணவு விடுதியிலும் ஜாதி, மதம், பிறப்பு பார்த்து எவரையும் தடுக்கக்கூடாதென்பது 1950 இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15 ஆவது பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. அதற்குப் பிறகும் என்ன? 2014 ஆம் வருஷத்தில் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில், வேட்டி கட்டி வந்தாரென்று ஹைகோர்ட் ஜட்ஜ் ஒருவரையே உள்ளே விடவில்லை. அதன் பிறகு அதே வருஷத்தில் சட்டசபையில் தனிச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே ஆலங்குளத்துத் தொழிலாளி ஒருவர் வேட்டியோடும், அவர் துணைவியார் சுங்குடிச் சேலையோடும் பெரிய ஓட்டலின் முன்வாசல் வழியாக நிமிர்ந்து நுழைவது அற்ப விஷயமல்ல. ஆனால் அந்த உரிமையை நாம் ஓட்டல்காரனிடம் விலைக்கு வாங்கவில்லை. அது போராடியும் சட்டத்தினாலும் வந்தது, ஏற்கனவே நம்முடையது. நம்முடையதற்கே நாம் 28,000 ரூபாய் கொடுப்பானேன்? சௌகரியத்துக்கு மட்டும் விலை கொடுங்கள். சுயமரியாதையை வீட்டிலிருந்தே எடுத்துக் கொண்டு போங்கள். அங்கு விற்பதில்லை.

இவ்விதம் பிரித்துப் பார்த்தால் செலவு தானே குறைகின்றது. 7,500 ரூபாய் அறைக்கு வரி 375 சேர்ந்து 7,875 ரூபாய். அதே அறையை 7,600 என்றால் வரி 1,368 சேர்ந்து 8,968 ரூபாய். நூறு ரூபாய் ஏற்றத்துக்கு 1,093 ரூபாய் அதிகம்! இதை அறியாமல் "இன்னும் கொஞ்சம் போட்டால் ஜன்னல் வழியே கோபுரம் தெரியும்" என்று கேட்டு ஏமாறக்கூடாது. நமக்குக் கோபுரம் தெரியாவிட்டால் நஷ்டமொன்றுமில்லை. 7,500 ரூபாய் அறையில் இரண்டு இரவு 15,750 ரூபாயோடு முடியும். முந்தின கணக்கைவிட 5,490 ரூபாய் மிச்சம். காலைப் பலகாரம் வாடகையில் சேர்ந்ததா என்று முன்னதாகக் கேட்டுக் கொள்ளலாம். மற்ற வேளைக்கு வெளியே வந்தால், நல்ல இட்டிலிக்கும் பரோட்டாவுக்கும் மதுரையில் பஞ்சமில்லை. அங்கே வரி 5 சதவிகிதமே.

மற்றொரு லாபமும் பகுத்தறிவுக்காரனுக்கு உண்டு. முகூர்த்த நாளிலும் திருவிழா நாளிலும் ஓட்டல் வாடகை ஏறும். ஆடி மாதத்தில் கல்யாணம் கூடாதென்று ஊரே ஒதுங்கியிருக்கும். குற்றாலத்தைப் போல் அந்த மாதத்தில் சீசன் உள்ள இடங்களை விட்டுவிட்டால், மற்ற இடங்களில் அறை சல்லிசாகக் கிடைக்கும். நாள் பார்க்கிறவர்கள் தரும் நஷ்டத்தை நாள் பார்க்காதவன் லாபமாக எடுத்துக் கொள்ளுவதில் தவறென்ன? முப்பதாவது வருஷம் நிறையும் தேதியன்றே போகாமல் ஒரு மாதம் தள்ளிப் போனால் மணவாழ்வு குறைந்து விடாது.

ரசீதில் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு தொகை சேர்த்திருந்தால் அது கட்டாயமல்ல. தானாக அதைச் சேர்க்கக்கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை, 2025 மார்ச்சில் டெல்லி ஹைகோர்ட்டும் சரியென்று தீர்ப்பளித்திருக்கின்றது. எடுத்துவிடச் சொல்லக் கூசாதீர்கள். ஆனால் அந்தப் பணத்தைப் பையில் போட்டுக் கொள்ளாமல், அறையைக் கூட்டிப் படுக்கை விரித்தவர் கையிலேயே கொடுத்து விடுங்கள். அவரும் யார் வீட்டிலோ இரவு பாத்திரம் துலக்கப் போகிற ஒரு பெண்ணாக இருக்கலாம். ஒருத்தியின் ஓய்வு மற்றொருத்தியின் உழைப்பில்தான் கிடைக்கின்றது என்பதை மறந்து அனுபவிக்கிற சுகம் ஜமீன்தார் சுகம்.

கடன் வாங்கிப் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கிரெடிட் கார்டு என்று பெயர் மாற்றினாலும் வட்டி வட்டிதான். இரண்டு நாள் தூக்கத்துக்காக இரண்டு வருஷம் தூங்காமலிருப்பவனைப் புத்திசாலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். சீட்டுப் பணம் கையில் இருந்து, அது மருந்துக்கோ படிப்புக்கோ வைத்த பணமல்லவென்றால், செலவு செய்யலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் தோழரின் கடிதத்தில் ஒரு பெருங்குறை நமக்குத் தெரிகின்றது. கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தோம். அண்ணன் சொன்னது இருக்கின்றது. மகன் சொன்னது இருக்கின்றது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுகூட இருக்கின்றது. யாருக்காக இந்தச் செலவோ அந்த அம்மாள் சொன்னது மட்டும் ஒரு வரிகூட இல்லை. அவரை யாரும் கேட்டதாகவே தெரியவில்லை! முப்பது வருஷம் அவரைக் கேட்காமலே உலை வைக்கச் சொன்னோம். இப்பொழுது அவரைக் கேட்காமலே ஓய்வெடுக்கவும் சொல்லப் போகின்றோமா? நகையை மாட்டி அழகு பார்ப்பதற்கும் ஓட்டலில் வைத்து அழகு பார்ப்பதற்கும் அப்பொழுது என்ன வித்தியாசம்?

அவர் "போகலாம்" என்றால் மேலே சொன்ன கணக்கோடு தாராளமாகப் போய் வாருங்கள். ஊர் வாயைப் பற்றிக் கவலை வேண்டாம். "அந்தப் பணத்துக்குத் துணி துவைக்கும் மிஷின் வாங்கிப் போடுங்கள், இரண்டு நாளல்ல, பத்து வருஷம் என் இடுப்பு ஓய்வெடுக்கும்" என்றால் அதைச் செய்யுங்கள். "எனக்குக் கடல் பார்க்க வேண்டும், திருச்செந்தூர்க் கடலில் சாமி கும்பிடவல்ல, சும்மா காலை நனைக்க" என்றால் 1,000 ரூபாய் அறையே போதும். அவர் எதைச் சொன்னாலும் அதுவே பெறுமானமுள்ள செலவு. அவரைக் கேளாமல் செய்தால் 28,000 மட்டுமல்ல, 280 ரூபாயும் தண்டமே.

ஆகவே தோழர் முதலில் அந்த அம்மாளைக் கேட்டு, அவர் சொல்லும் பதிலை அவர் கையாலேயே நமக்கு எழுதியனுப்பச் செய்யும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம். இவரது கடிதத்தைவிட அந்தப் பதிலைப் படிக்கவே நமக்கு அதிக ஆவலாக இருக்கின்றது.