தையல் பிரித்த பின்னர்

நோயுற்றாரை நலம் வினவச் செல்லுதலை நம் மக்கள் கடமையாகவே போற்றி வருகின்றனர். பழப்பையும் கையுமாக வருவோர் கேட்பது ஒன்றே: "புண் ஆறிவிட்டதா?" உள்ளம் எவ்வாறுள்ளது என வினவுவார் அரியர். அவ்வினா நம் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் எழவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

செங்கல்பட்டில் பித்தப்பைக் கல்லுக்காக நாம் அறுவை செய்துகொண்டோம். முழு மயக்கம் தந்தே செய்தனர், செவ்வனே முடிந்தது. தையல் பிரித்தபின், கடற்காற்று நலம் தரும் எனக் கோவளத்திலுள்ள தமக்கையார் இல்லத்திற்கு அழைத்துச் சென்றனர். அங்கேதான் தொடங்கிற்று. விடியுமுன் மூன்று மணிக்கு விழிப்பு, காரணமின்றிக் கண்ணீர், நூலைத் திறந்தால் ஒரு பக்கம் தாண்டாமை. தமக்கையார் பொரித்த வஞ்சிர மீன் தட்டிலேயே ஆறிப்போகும். ஒரு மாலை மகன் மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றான். அருச்சுனன் தபசு எனப்படும் பாறைச் சிற்பத்தின்முன் ஆண்டுதோறும் மாணவரை நிறுத்தி, தவக்கோலம் பூண்ட பூனையையும் அதனருகே திரியும் எலிகளையும் காட்டி நகைக்கச் செய்தவர் நாம். அன்று அப்பூனையை நோக்கினோம். கல் தெரிந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. அப்பொழுதுதான் நமக்கு அச்சம் உண்டாயிற்று.

யாரிடமும் கூறவில்லை. காண வந்த பெரியவர் ஒருவர், "உயிர் பிழைத்து வந்திருக்கிறீர், அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லாமல் இப்படி முகம் வாடலாமா?" என்றார். அன்பினால் சொன்னதே. ஆயினும் சோர்வோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டது. மகன் யூசுஃபைப் பிரிந்து கண்கள் வெளுக்குமளவு துயருற்ற யஃகூப் நபியைத்தானே அழகிய பொறுமைக்குச் சான்றாகக் காட்டுகிறோம்? இதனை அவருக்கு நினைவூட்டும் வலிமைகூட அன்று நமக்கில்லை.

மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றும் தமக்கையார் மகன் விடுமுறைக்கு வந்தபோது இரண்டே வினாக்கள் கேட்டார். "மாமா, இந்த இரண்டு வாரமாக உங்களுக்கு எதிலாவது நாட்டம் இருந்ததா? மனம் சோர்ந்தே கிடக்கிறதா?" உலகெங்கும் மருத்துவர் பயன்படுத்தும் தொடக்க வினாக்களாம் அவை. மயக்க மருந்தே உள்ளத்தைக் கெடுத்தது என்னும் நம் எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. அம்மருந்து பெரும்பாலும் ஓரிரு நாளில் உடலைவிட்டு நீங்கிவிடும். முதியோர்க்குச் சில நாள் மனக்குழப்பம் நேர்வதுண்டு. வாரக்கணக்கில் நீளும் சோர்வுக்கோ புண்ணின் அழற்சி, வலி, உறக்கக் கேடு, சில வலிநீக்கிகள், அன்றாடப் பணி நின்றுபோதல், மரண அச்சம் எனப் பலவும் சேர்ந்தே காரணமாகும். முன்பே மனச்சோர்வு கண்டவர்க்கு இது நேரும் வாய்ப்பு மிகுதி. பலர்க்குத் தானே தணியும். இரு வாரம் கடந்தும் தணியாவிடில் மருத்துவரிடம் சொல்லவேண்டும். சாகலாமா என்னும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது. நாம் மனநல மருத்துவரிடம் இருமுறை பேசினோம்; கரையோரம் நடந்தோம்; ஆறாம் வாரம் வகுப்புக்குத் திரும்பினோம்.

தமிழுக்கு இது புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், அழுகை பிறக்கும் நான்கு களன்களுள் அசைவினையும் ஒன்றாக வைத்தார். முன்னைய நல்ல நிலை கெட்டு வருந்துதல் அது. பிணியையோ இளிவரலின் களனாக்கினார். நோயுற்றவன் தன்னைத் தானே தாழ்வாக எண்ணுவான் என்பதை இதனினும் நுட்பமாகச் சொல்லுதல் அரிது. வகுப்பில் பல்லாண்டு இதனை நடத்தியும், நமக்கே வந்தபோது இனம் காணவில்லை. ஆசிரியர் கதை பெரும்பாலும் இதுதான். பல்கு நாட்டு அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (850–934) உடலையும் உள்ளத்தையும் சேர்த்தே பேணவேண்டுமென நூல் செய்து, காரணம் தெரிந்த துயரையும் காரணம் புலப்படாத துயரையும் வேறு பிரித்துக் காட்டினார்.

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்காகப் பகுத்தார். அந்நான்காமவர் குடும்பத்தார்தாம். "நன்றி சொல்லும்" என்பதற்குமுன் "இரவு உறங்கினீரா?" என அவர்கள் கேட்கலாம். 1965 முதல் இயங்கும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 எண்ணில் அழைத்துக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மருத்துவமனைகள் வீட்டுக்கு அனுப்புகையில் தரும் சீட்டில் தையல் பிரிக்கும் நாளும் மாத்திரை வேளையும் குறிக்கப்படுகின்றன. உள்ளமும் சோரக்கூடும், சோர்ந்தால் வந்து சொல்லுக என ஒரு வரியைத் தமிழில் அச்சிட எவ்வளவு மை செலவாகும்?