தீப்பெட்டி ஊரின் மதியச் சாப்பாடு

கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்கிற தொழிற்சாலைகளுக்குள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்து கிடக்கிற இடத்தில் அது மிகச் சரியான விதி. ஆனால் அந்த விதியின் சுமையைத் தூக்குகிறவர்கள் அங்கே வேலை பார்க்கும் பெண்கள். உள்ளே ஒரு வாய் டீ போட்டுக்கொள்ள முடியாது, கொண்டுவந்த குழம்பைச் சுடவைக்க முடியாது. இருட்டோடு எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, மிச்சத்தைத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு வேனுக்காக ரோட்டோரம் வந்து நிற்கிறார்கள். அந்தச் சோற்றை அவர்கள் திறக்கும்போது உச்சி வெயில் தாண்டியிருக்கும். கோடையில் குழம்பு புளித்திருப்பதும் உண்டு. அதையும் அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி தீக்குச்சிக் கட்டை அடுக்க உட்காருகிறார்கள், ஏனென்றால் கூலி எண்ணிக்கைக்குத்தான். சாப்பிடுகிற ஒவ்வொரு நிமிஷமும் அவர்கள் கணக்கில் குறைகிறது.

வெளியே போய்ச் சூடாகச் சாப்பிடலாமே என்றால், எங்கே போவது? ஆபீஸ்கள் பல ஊருக்கு வெளியே, காட்டு ஓரத்தில் இருக்கின்றன. பக்கத்தில் இருப்பது ஒரு டீக்கடை, ஒரு வடைத்தட்டு. இரண்டு வடையும் ஒரு டீயும் பல பெண்களின் மதியத்தை முடித்துவைக்கின்றன. இந்த ஊரில் சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

கோவில்பட்டி நாக்குக்குப் பஞ்சமுள்ள ஊர் இல்லை. காலையில் பஜாரில் நடந்தால் இட்லி ஆவியும் வடைச் சட்டியின் மணமும் சேர்ந்து வரும். சாயங்காலம் புரோட்டாக் கல் சூடேறிவிட்டால் இரவு பதினொரு மணி வரை சால்னா கொதிக்கும். விருதுநகர் எண்ணெய் புரோட்டாவின் ருசி இங்கேயும் இறங்கி வந்திருக்கிறது. வடக்கே சாத்தூர் போனால் காரச்சேவு. வழியில் எந்த மிட்டாய்க் கடையிலும் கருப்பட்டி மிட்டாய். ஊரின் சொந்தச் சரக்கு கடலை மிட்டாய். பருப்பின் தோல் போக வறுத்து, வெல்லப்பாகு பதத்துக்கு வந்ததும் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் பலகையில் பரப்பி வெட்டியாக வேண்டும். பாகு கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் மிட்டாய் பல்லில் ஒட்டும், அல்லது கல்லாகிப் போகும். ஒரு காலத்தில் கருப்பட்டியில் செய்தது, கரும்பு வெல்லத்துக்கு மாறிப் பெயர் வாங்கியது. 2020 ஏப்ரலில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அவ்வளவும் பலகாரம். இந்த மண்ணின் சோறு எங்கே?

கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, உமி புடைத்து, மறுபடி இடித்து, கொதிக்கிற உலையில் போட்டுத் துடுப்பால் துழாவி இறக்கினால் கம்மஞ்சோறு. சுடச்சுட அதில் குழி பறித்து ஊற்றக் கருவாட்டுக் குழம்பு. மிச்சத்தை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் மோர் விட்டுக் கரைத்த கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், மிதுக்கவத்தல், சீனியவரைக்காய் வத்தல். குதிரைவாலிச் சோற்றுக்குக் காணத்துவையல். உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத்துவையல். சமைந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கிண்டிய உளுந்தங்களி. மழை விழுந்த கொஞ்ச நாளில் பருத்திக் காட்டில் யாரும் விதைக்காமல் எழும்பி வரும் தொய்யக்கீரை. இந்த வட்டாரத்துச் சமையல் கிணறும் ஆறும் இல்லாத பூமியில் வானத்தை மட்டும் நம்பி விளைந்ததை வைத்துக் கட்டியெழுப்பிய சமையல். வெயிலில் நாள் முழுவதும் குனிந்து நின்று வேலை செய்கிற உடம்புக்கு எது தாங்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பார்த்துக் கண்டது.

கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல், கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். கரிசல் வாழ்க்கையின் விளைச்சலையும் பசியையும் தமிழ் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர்கள் அவர்களும் பூமணியும் சோ. தர்மனும். கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் அரசே நினைவரங்கம் கட்டியிருக்கிறது. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிற வாசகர் ஒருவர், கி.ரா. எழுத்தில் படித்த கம்மஞ்சோற்றை ஒரு வாய் சாப்பிட ஆசைப்பட்டால், உட்கார்ந்து சாப்பிட இடம் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டும். கோடையில் தள்ளுவண்டியில் கம்மங்கூழ் கிடைக்கும், அதுவும் மதியம் இரண்டு மணிக்குள் தீர்ந்துவிடும். வாசகரின் ஏமாற்றம் ஒருநாளோடு போகும். அன்றாடம் ஏமாறுகிறவர்கள் கம்பங்காட்டிலிருந்து கிளம்பி வந்து, தீப்பெட்டி ஆபீஸிலும் நூல் மில்லிலும் நிற்கிற தொழிலாளிகள்.

கம்மஞ்சோறு கடைக்கு வராததற்கு ஓட்டல்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பு குத்த ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ரேஷன் அரிசி வீட்டுக்குள் வந்த பிறகு கூழ் ஏழைச் சாப்பாடு என்ற எண்ணம் ஊறிவிட்டது. கொடுக்கிற காசுக்கு வெள்ளைச் சோறுதான் வேண்டும் என்று கேட்கப் பழகிவிட்டோம். காடும் மாறிவிட்டது. கம்பும் சோளமும் நின்ற புஞ்சைகளில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது, அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. 2018-ல் படைப்புழு வந்து அந்த மக்காச்சோளத்தை மொட்டையடித்தபோதும் சம்சாரி என்கிற விவசாயி கம்புக்குத் திரும்பவில்லை, ஏனென்றால் கம்பை வாங்க நிச்சயமான ஆள் இல்லை. குதிரைவாலியின் கதை இன்னும் மோசம். அதன் உமியை நீக்குவதற்குத் தனி இயந்திரம் வேண்டும். பக்கத்தில் அது இல்லாத ஊரில் சம்சாரி தானியத்தை அப்படியே வியாபாரியிடம் போடுகிறார். அது எங்கோ போய் அரிசியாகி, பாக்கெட்டுக்குள் புகுந்து, பல மடங்கு விலையோடு பட்டணத்துக் கடை அலமாரியில் உட்காருகிறது. விளைவித்தவர் வீட்டிலும் அது இல்லை, அவர் மகள் வேலை பார்க்கிற ஆபீஸுக்குப் பக்கத்திலும் இல்லை.

இத்தனைக்கும் கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிக் கரிசலுக்கென்றே பயிர் ரகங்களை உருவாக்கி வந்திருக்கிறது. உலக சிறுதானிய ஆண்டாக 2023-ஐ ஐ.நா. கொண்டாடியது. தமிழ்நாட்டு வேளாண் நிதிநிலை அறிக்கையும் சிறுதானிய மண்டலங்களை அறிவித்தது. சில மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகங்களில் மகளிர் குழுக்கள் நடத்தும் ‘மதி சிறுதானிய உணவகம்’ வந்தது. நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க வருகிறவருக்கும் அங்கே வேலை பார்க்கிறவருக்கும் கிடைக்கிற தினைப் பொங்கல், தீப்பெட்டி ஆபீஸ் வாசலுக்கு வருவதற்கு என்ன தடை?

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் கேன்டீனும், 150 பேருக்கு மேல் இருந்தால் சாப்பாட்டு அறையும் வேண்டும் என்றது. புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 என்றும் 50 என்றும் இறக்கியிருக்கிறது, ஒப்பந்தத் தொழிலாளரையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. இது முன்னேற்றம்தான். ஆனால் சிறு ஆபீஸ்களில் முப்பது, நாற்பது பேர்தான் இருப்பார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவரை எந்த எண்ணிக்கையிலும் சேர்க்க முடியாது. முதலாளிகள் மேல் முழுப் பாரத்தையும் போடுவதும் நியாயமில்லை. பதினான்கு வருஷம் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய்க்கு ஏறியது. மலிவு லைட்டர்கள் சந்தையைத் தின்றபோது அவர்கள் போராடினார்கள், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023-ல் தடுத்தது. தொழிலைக் காப்பாற்ற அரசு தலையிட்டது போலவே தொழிலாளியின் வயிற்றுக்கும் தலையிட வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

இந்த மண்ணுக்கு அது புதிதும் அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தைக் காமராஜர் 1956-ல் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில், பாரதி பிறந்த ஊரில். கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஒரு மாநிலமே பிறகு பின்பற்றி, நாடே பின்பற்றிய ஒரு காரியம் இந்தக் கரிசலில்தான் முதல் இலை போட்டது. அன்று சாப்பிட்ட பிள்ளைகளின் பேத்திகள்தான் இன்று ஆபீஸ் வேனில் போகிறவர்கள்.

எப்படி நடத்துவது என்பதற்கு நல்ல முன்மாதிரி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையின் வட மாகாணத்தில் விவசாயத் திணைக்களம் ‘அம்மாச்சி’ உணவகங்களைத் திறந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவிலும் அவற்றைப் பார்க்கலாம். கட்டடமும் அடுப்படியும் திணைக்களத்துடையவை. சமைத்து விற்பவர்கள் அந்த ஊர்ப் பெண்கள், போரில் குடும்பத்தைத் தாங்கியவரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. குரக்கன் (கேழ்வரகு) புட்டு, தோசை, கூழ், இலைக்கஞ்சி என்று உள்ளூரில் விளைவதைக் கண்ணெதிரே சமைத்துக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். புட்டிக் குளிர்பானத்துக்கு அங்கே இடமில்லை. அலுவலகம் போகிறவரும் கூலி வேலைக்காரரும் ஒரே வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் 2020 முதல் இருபது ரூபாய்ச் சாப்பாட்டுக்கு ஜனகீய ஹோட்டல்களை ஆயிரத்துக்கு மேல் திறந்தார்கள். 2023 ஆகஸ்டில் சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் என்றிருந்த மானியத்தை அரசு நிறுத்தியதும் அவர்கள் பட்ட பாட்டையும் நாம் பார்க்க வேண்டும். மானியத்தை மட்டுமே நம்பி அடுப்புப் பற்றவைத்தால் அது ஒரு ஆட்சியோடு அணையும். அம்மாச்சி முறையில் அரசு கொடுப்பது இடமும் தண்ணீரும் மேற்பார்வையும்தான். விற்பனை பெண்களுடையது. அதனால் அது நிலைத்து நிற்கிறது. கோவில்பட்டிக்கு ஏற்றது அந்த வழி என்பது என் உறுதியான எண்ணம்.

கோவில்பட்டி நகராட்சி, தீப்பெட்டி ஆபீஸ்கள் நெருக்கமாக உள்ள சாலைகளிலும் கூடுதல் பேருந்து நிலையத்திலும் கூரையும் குழாயும் கழிப்பறையும் உள்ள சமையல் கூடங்களைக் கட்டித்தர வேண்டும். கழிப்பறையையும் கைகழுவும் இடத்தையும் சேர்த்தே கேட்கிறேன். நாளெல்லாம் குச்சி மருந்தும் பசையும் பட்ட கை அது, சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக் கூடாது. தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக ஊருக்கு வருகிறது, அதில் ஒரு இணைப்பு இந்தக் கூடங்களுக்குப் போவது முடியாத காரியம் அல்ல. நடத்துகிற பொறுப்பு மகளிர் குழுக்களுக்கு. பத்து, இருபது ஆபீஸ்கள் சேர்ந்து, தொழிலாளியின் சாப்பாட்டுச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளத் தீப்பெட்டி உற்பத்தியாளர் சங்கங்கள் முன்வரலாம். சாப்பாட்டு நேரம் கூலியில் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. வயிறு நிறைந்த கை வேகமாகக் கட்டை அடுக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

இன்றைக்கே கூழ் விற்றுக்கொண்டிருக்கிற தள்ளுவண்டிக்காரர்களை மறந்துவிட்டுப் புதுக் கட்டடம் கட்டக் கூடாது. 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழு கூடி இவர்களுக்கு நிரந்தர இடமும் அடையாள அட்டையும் கொடுத்து, பக்கத்திலேயே குடிநீர்க் குழாயும் போட்டாலே கரிசலின் சாப்பாடு ஓரளவு தெருவில் பிழைத்துக்கொள்ளும்.

கடலை மிட்டாய்க்காரர்களின் குறையும் இதோடு சேர்ந்ததுதான். எங்கோ செய்த மிட்டாயின் உறையில் கோவில்பட்டிப் பெயரைப் போட்டு விற்பவர்களுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையும் ஐம்பதாயிரத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு என்று புவிசார் குறியீட்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் தானாக வந்து கடையைச் சோதிக்காது. அதிகாரிகள்தான் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் தானியம் வேண்டும். தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023-ல் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், விவசாயிகளிடம் அரசே கேழ்வரகு வாங்கியதால் அது முடிந்தது. தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் கம்புக்கும் குதிரைவாலிக்கும் அதே ஏற்பாடு வர வேண்டும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றிலும் ஒரு உமி நீக்கும் இயந்திரம் நின்றால், அதே தானியம் அதே வாரத்தில் அரிசியாகிச் சமையல் கூடத்துக்கு வந்துவிடும்.

கரிசலில் விதைப்பு புரட்டாசியில். கம்புக்கு இன்ன விலை, இத்தனை மூட்டை வாங்கிக்கொள்வோம் என்ற அறிவிப்பு ஆடி முடிவதற்குள் சம்சாரியின் காதுக்கு எட்டினால்தான் அவர் மக்காச்சோள விதையை எடுக்காமல் இருப்பார். புரட்டாசி தாண்டினால் ஒரு வருஷம் போய்விடும். திங்கள்கிழமை தோறும் தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. மகளிர் குழுக்களும் தொழிற்சங்கங்களும் சம்சாரிகளும் ஆளுக்கொரு மனுவாகப் போகாமல் ஒரே மனுவாக எழுதி, இடம், தண்ணீர், இயந்திரம், கொள்முதல் விலை என்று நான்கையும் அதில் சேர்த்து, இந்த ஆடிக்குள் பதில் கேட்க வேண்டும்.