சங்கத்துக்கு ஏற்ற பாரவண்டி

பென்னாகரம் வட்டாரத்தில் சங்கத்துக்கெனப் பாரவண்டி வாங்கும் பேச்சு எழுந்தால், இளம் அங்கத்தினர் சிலர் 2016-இல் இந்தியச் சந்தைக்கு வந்த இசுசூ வி-கிராஸையே சுட்டுகின்றனர். நான்கு சக்கரங்களுக்கும் விசை உண்டு, ஐவர் அமரலாம். காடுமலை சுற்றுவோர்க்கு உகந்ததே. ஆனால் ஐவருக்கு இடமளித்தபின் பின்தட்டு குறுகிவிடுகிறதே! ஓட்டோடு கூடிய புளி, எடையைவிட இடத்தையன்றோ அடைக்கும்?

ஒகேனக்கல் மலைப்பாதை தார்ச்சாலை. அங்கு வேண்டுவன நல்ல பிரேக்கும், தாழ்ந்த கியரில் இறங்கும் பொறுமையுமே. கோட்டூர் மலைக்கோ, 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைமீதே சென்றன. பாதையற்ற ஊருக்கு எவ்வண்டியும் பயன்படாது. அவ்வூராரின் விளைபொருளை அடிவாரத்தில் எடைபோட்டு ஏற்றுவதே சங்கத்தின் கடன்.

ஆகவே, ஒற்றை முன்னறையும் நீண்ட தட்டும் கொண்ட பொலேரோ பிக்கப், 2011-இல் வெளிவந்த அசோக் லேலண்டு தோஸ்த் போன்றவற்றை நிர்வாகக் குழு முதலில் பரிசீலிக்கட்டும். நெசவாளரின் நூற்கட்டு நனையாதிருக்கத் தார்ப்பாயும் கட்டாயம். வாங்குமுன் முழுப்பாரத்துடன் மலையேற்றிப் பார்த்தல் நலம். தேய்மான நிதி ஒதுக்காது, மாதத் தவணையை மட்டும் கணக்கிட்ட தீர்மானம் ஆய்வுக்கு வருமாயின், அதனை நான் ஏற்பதற்கில்லை.