வைட்டமின் மாத்திரை புகைக்குக் கவசமன்று

சிகரெட் புகை மூளைச் செல்களில் விளைவிக்கும் ஆக்சிஜனேற்றச் சேதம் குறித்த ஆய்வுக் கட்டுரைகளில் பல, ஒரே வாக்கியத்தில் முடிகின்றன: இன்ன எதிர் ஆக்சிஜனேற்றி புகைப்பவரின் மூளையைக் காக்கக்கூடும். அந்த வாக்கியம் சோதனையின் முடிவன்று. சோதனையைத் தாண்டிய ஆசை.

கொல்கத்தாவில், அலிப்பூருக்குக் கிழக்கேயுள்ள பாலிகஞ்சில், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் இந்து பூஷண் சாட்டர்ஜி குழுவினர் செய்த ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. புகையூட்டிய கினிப்பன்றிகளில் ஆக்சிஜனேற்றச் சேதத்தை வைட்டமின் சி தடுக்கிறது என்று 2000ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்டனர். விலங்கின் தேர்விலேயே அந்த ஆய்வின் கவனம் தெரிகிறது. கினிப்பன்றி மனிதரைப் போலவே வைட்டமின் சியைத் தன் உடலில் உண்டாக்க இயலாத விலங்கு. எலியோ தானே உண்டாக்கிக்கொள்ளும். எலியில் வைட்டமின் சி கொடுத்துக் கண்டதை மனித மூளைக்கு அப்படியே பொருத்துவோர் இந்த வேறுபாட்டை ஒரு வரியிலேனும் சொல்ல வேண்டாமா?

வளர்ப்புத் தட்டிலுள்ள நரம்புச் செல்களின் மேல் புகைச் சாற்றை ஊற்றும் சோதனைகளின் குறை இன்னும் பெரிது. புகையின் வாயுப் பகுதியில் ஓர் இழுப்புக்கு 10¹⁵க்கு மேற்பட்ட ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டு. ஆனால் அவை குறுகிய ஆயுள் கொண்டவை. நுரையீரலைக் கடந்து மூளையை எட்டுபவை அல்ல. மூளைக்குச் சேதம் பெரும்பாலும் சுற்றுவழியில் வருகிறது. புகையிலையின் என்.என்.கே. என்னும் நச்சு மைக்ரோகிளியா செல்களைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட அச்செல்கள் வெளியிடுபவை நரம்புச் செல்களை அழிக்கின்றன. மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2009இல் காட்டியது இதைத்தான். அழற்சியால் வரும் கேட்டை ஃப்ரீ ராடிக்கல் கணக்கில் மட்டும் அடக்குவது தவறு.

‘யாரையும் புகைக்கச் சொல்லவில்லையே’ என்பது வழக்கமான மறுமொழி. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையை அவர்கள் படிக்கட்டும். பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியதென 1994இல் தெரியவந்தது. அமெரிக்காவில் அதையொத்த சோதனை 1996இல் பாதியில் நிறுத்தப்பட்டது. அந்த மாத்திரைகளையும் இத்தகைய நம்பிக்கையே மனிதரிடம் கொண்டுசென்றது.

எந்த விலங்கு, எவ்வளவு புகை, அந்த அளவு மனித இரத்தத்தில் எட்டப்படுவதா என்ற மூன்றையும் சொல்லாத கட்டுரைக்கு ‘காக்கக்கூடும்’ என்று முடிக்க உரிமையில்லை. சேதத்தை அளந்தவர் சேதத்தைச் சொல்லட்டும். அதற்கு ஐயமற்ற தீர்வு சிகரெட்டை அணைப்பதே.