குடல் புண்ணும் இடுமருந்துப் புரட்டும்

கடலூரிலாகட்டும், சிதம்பரத்திலாகட்டும், ஒருவருக்கு வாரக் கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்காமல் மலத்தில் இரத்தமும் சீதமும் போனால், அக்கம் பக்கத்தார் முதலில் “மூலச்சூடு” என்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் “யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள்” என்பார்கள். பிறகு மருந்து எடுப்பவனிடம் போவதும், அவன் வாந்தி எடுக்கச் செய்து “இதோ வந்துவிட்டது” என்று எதையோ காட்டுவதும், வீட்டுக்கு வந்த மருமகள் தலையில் பழி விழுவதும் இன்னும் அடியோடு ஒழிந்தபாடில்லை. பணம் போகிறது, உறவு கெடுகிறது, இரத்தம் மாத்திரம் நிற்பதில்லை!

இவ்வியாதி யாரும் வைத்ததல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. பெருங்குடலில் மாத்திரம் வருவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது கிரோன் வியாதி. பின்னதை 1932-ல் நியூயார்க்கில் கிரோன் முதலிய மூன்று டாக்டர்கள் விவரித்தார்கள். முன்னதற்கு, ஒரு பகுதியாருக்கு கார்டிசோனும் மற்றவருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்து, கார்டிசோன் பயன்படுமென்று இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் என்பவர்கள் 1955-ல் மெய்ப்பித்தார்கள். ஆனாலும் நோயின் மூலகாரணம் முழுதும் விளங்கவில்லையென்று டாக்டர்கள் ஒப்புக்கொள்ளுகிறார்கள். மருந்து எடுப்பவனுக்கோ எல்லாம் தெரிந்திருக்கிறது!

நோயாளிகளின் கவலை நியாயமானதே. “கலியாணம் ஆகுமா, பிள்ளை பிறக்குமா, புற்றுநோயாகுமா?” என்று கேட்கிறார்கள். இது ஒட்டுவாரொட்டி அல்ல. நோய் அடங்கியிருக்கும்போது கருத்தரிக்கும் பெண்களில் பெரும்பாலோர் சுகமாகவே பிள்ளை பெறுகிறார்கள். பெருங்குடல் வெகுவாய்ப் பாதிக்கப்பட்டவர்களுக்கு வருஷங்கள் செல்லச் செல்லப் புற்று அபாயம் கூடுவது மெய்தான். ஆதலால்தான் நோய் கண்டு சுமார் 8 வருஷமான பின் குழாய் விட்டு அவ்வப்போது சோதிக்கச் சொல்லுகிறார்கள். இரத்தம் நின்றதும் தாமாகவே மருந்தை நிறுத்துவது நோயைத் திரும்ப அழைப்பதாகும். கடையில் ஸ்டிராய்டு வாங்கி விழுங்குவதோ அதனினும் கேடு. ஏனெனில் நம் நாட்டில் குடல் காசநோயும் கிரோனைப் போலவே தோன்றும். காசநோய்க்காரர் ஸ்டிராய்டு மாத்திரம் தின்றால் காசநோய் முற்றிவிடும்.

கடலூரில் அரசினர் தலைமை ஆஸ்பத்திரியும், சிதம்பரத்தில் 1985-ல் துவக்கப்பட்டு இன்று அரசாங்கத்தின் வசமிருக்கும் மருத்துவக் கல்லூரியும், அருகே புதுச்சேரியில் ஜிப்மரும் இருக்கின்றன. ஆனால் வழியில் கக்கூசுக்கு எங்கே போவதென்ற பயத்தினாலேயே பஸ் ஏறாத நோயாளிகளுக்கு இவற்றால் என்ன பயன்? பஸ் நிலையந்தோறும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சுத்தமான இலவசக் கக்கூசு வைப்பதும் வைத்தியமே என்பதை நகரசபையார் உணர வேண்டும்.

தோழர்களே! மலத்தில் இரத்தம் கண்டால் வெட்கப்பட வேண்டாம்; மருமகளைச் சந்தேகிக்கவும் வேண்டாம். டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள்.